உப்புத் தண்ணீர் வீட்டில் சலவை இயந்திரம்: துணி சுத்தமாக வர ஒரு முழுமையான வழிகாட்டி

புதிதாக வாங்கிய சலவை இயந்திரத்தில் முதல் சில மாதங்கள் துணி பளிச்சென்று வரும். பிறகு துண்டு சொரசொரவென்று ஆகும், வெள்ளைச் சட்டை சாம்பல் பூத்ததுபோல் மங்கும், கறுப்புச் சுடிதாரில் வெள்ளைத் திட்டுகள் தோன்றும். ஆழ்துளைக் கிணற்றையும் லாரித் தண்ணீரையும் நம்பி வாழும் தமிழ்நாட்டு வீடுகளில் இது வழக்கமான கதை. பழி பெரும்பாலும் இயந்திரத்தின் மேலோ சலவைத்தூளின் மேலோ விழுகிறது. தூளை மாற்றிப் பார்க்கிறார்கள், அளவைக் கூட்டிப் பார்க்கிறார்கள், கடைசியில் "கையால் துவைப்பதுபோல் வராது" என்று முடித்துவிடுகிறார்கள். உண்மையில் இக்குறைகளில் பெரும்பகுதி தண்ணீரின் கடினத்தன்மை, தூளின் அளவு, போதாத அலசல் ஆகிய மூன்றிலிருந்து வருபவை; மூன்றையும் வீட்டிலேயே சரிசெய்துகொள்ளலாம்.

இயந்திரம் அழுக்கை எப்படி எடுக்கிறது

ஜெர்மனியில் ஹென்கெல் நிறுவனத்தில் பணியாற்றிய ஹெர்பர்ட் சின்னர் என்ற வேதியியலாளர் 1959-ஆம் ஆண்டில் சலவையை நான்கு காரணிகளாகப் பிரித்துக் காட்டினார்: வேதிப்பொருள், அசைவு, வெப்பம், நேரம். ஒன்றைக் குறைத்தால் அந்தக் குறையை மற்றவற்றில் ஈடுகட்டியாக வேண்டும் என்பதே அவர் சொன்னதன் சாரம். வெள்ளாவி வைத்த நம் ஊர்ச் சலவைத் தொழிலாளர்கள் இதை ஏட்டில் படிக்காமலே செய்துவந்தார்கள். உவர்மண் கரைசலில் துணியை நனைத்தது காரத்துக்காக. அடுப்பின் மேல் அடுக்கி நெடுநேரம் ஆவியில் வைத்தது வெப்பத்துக்கும் நேரத்துக்கும். துறையில் கல்லில் அடித்தது அசைவுக்காக. இன்றைய இயந்திரத்தில் பதினைந்து நிமிட நிரலை (புரோகிராமை) தேர்ந்து, குளிர்ந்த தண்ணீரில் ஓட்டி, டிரம்மை அமுக்கி நிரப்பினால், நான்கில் மூன்றைக் குறைத்துவிட்டு முழுப் பாரத்தையும் தூளின் மேல் ஏற்றுகிறோம் என்று பொருள்.

சலவைத்தூளில் உள்ள முக்கியப் பொருள், ஒரு முனை தண்ணீரை நாடுவதும் மறுமுனை எண்ணெயை நாடுவதுமான நீண்ட மூலக்கூறு. இந்தியத் தூள்களில் பெரிதும் பயன்படும் வகைக்கு மூலப்பொருளான நேரியல் ஆல்கைல் பென்சீன் சென்னை மணலியிலேயே தயாராகிறது. எண்ணெய் நாடும் முனைகள் காலரில் படிந்த பிசுக்கைச் சூழ்ந்து பற்றிக்கொள்ள, தண்ணீர் நாடும் முனைகள் வெளிப்பக்கம் நிற்க, பிசுக்கு சிறு துளிகளாகத் தண்ணீரில் மிதக்கத் தொடங்குகிறது. துணியின் அசைவு அதை இழையிலிருந்து விடுவிக்கிறது. அலசல் அதை வெளியேற்றுகிறது. தரமான தூள்களில் நொதிகளும் சேர்ந்திருக்கும்: புரதத்தை அறுப்பது இரத்தம், பால், வியர்வைக்கு, மாவுச்சத்தை அறுப்பது சோற்றுக்கஞ்சிக்கும் குழம்புக்கும், கொழுப்பை அறுப்பது எண்ணெய்க்கு. நுரைக்கு இதில் பெரிய பங்கில்லை. நுரை பொங்கினால்தான் அழுக்குப் போகும் என்ற நம்பிக்கை பார் சோப்புக் காலத்திலிருந்து வந்தது. இயந்திரத்துக்குள் அது கெடுதலே செய்கிறது.

அசைவைத் தரும் விதத்தில் இயந்திரங்கள் வேறுபடுகின்றன. டாப் லோடில் அடியில் உள்ள சுழல்தட்டு தண்ணீரையும் துணியையும் சேர்த்துச் சுழற்றுவதால், துணி நீந்தும் அளவுக்குத் தண்ணீர் வேண்டும். ஃப்ரண்ட் லோடில் டிரம் துணியை மேலே தூக்கிச் சென்று கீழே விழவைக்கிறது. ஈரத் துணி விழும் அடியே இங்கு துவைக்கல்லின் வேலையைச் செய்கிறது. ஆகவே கண்ணாடியின் அடிப்பகுதியில் கொஞ்சம் தண்ணீர்தான் தெரிகிறது என்று கவலைப்பட்டு, தூள் பெட்டி வழியாகச் செம்பு செம்பாகத் தண்ணீர் ஊற்றுவது வீண்வேலை. தண்ணீர் கூடினால் விழும் அடி மெத்தென்று ஆகிவிடும், தூளும் நீர்த்துப்போகும்.

முதல் படி: உங்கள் தண்ணீரை அறிந்துகொள்ளுங்கள்

மற்ற எல்லா முடிவுகளும் இதைச் சார்ந்தவை என்பதால் இதில் அவசரப்பட வேண்டாம். கடினத்தன்மை என்பது தண்ணீரில் கரைந்துள்ள கால்சியமும் மக்னீசியமும். இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500, லிட்டருக்கு 200 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 600 மில்லிகிராமை உச்ச வரம்பாகவும் வைத்திருக்கிறது. துவைப்பதற்கோ 180-ஐத் தாண்டினாலே மிகக் கடினம் என்றுதான் பொதுவாக வகைப்படுத்துவார்கள். அதாவது குடிக்கத் தகுதியான தண்ணீர் துவைக்கத் தொல்லையானதாக இருக்கக்கூடும்.

பலரும் செய்யும் பிழை, ஆர்.ஓ. கருவிக்காரர் கொண்டுவரும் டி.டி.எஸ். மீட்டரின் எண்ணைக் கடினத்தன்மையாக எடுத்துக்கொள்வது. அந்த மீட்டர் கரைந்துள்ள எல்லா உப்புகளையும் சேர்த்துக் காட்டுமே தவிர, அதில் கால்சியம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. கடினத்தன்மைக்கென்றே சொட்டு மருந்தோடு வரும் சோதனைப் பெட்டியோ நிறம் மாறும் தாளோ கிடைக்கிறது. மீன்தொட்டிப் பொருள்கள் விற்கும் கடைகளிலும் கேட்டுப் பார்க்கலாம். அதுவும் வேண்டாமென்றால் ஒரு எளிய சோதனை உண்டு. ஒரே அளவான இரண்டு கண்ணாடிப் பாட்டில்களில் கால் லிட்டர் வீதம், ஒன்றில் ஆர்.ஓ. தண்ணீரும் மற்றதில் குழாய்த் தண்ணீரும் ஊற்றி, குளியல் சோப்பைச் சீவி இரண்டிலும் ஒரே அளவு போட்டு, மூடிக் குலுக்குங்கள். சலவைத்தூள் இதற்கு உதவாது, சோப்புதான் வேண்டும். ஆர்.ஓ. பாட்டிலில் நுரை கெட்டியாக நிற்கும், தண்ணீர் ஓரளவு தெளிவாக இருக்கும். கடின நீர்ப் பாட்டிலில் நுரை சட்டென்று அடங்கி, பால் திரிந்ததுபோல் வெள்ளைத் துணுக்குகள் மிதக்கும். அந்தத் துணுக்குகள்தாம் துணியில் ஒட்டிக்கொண்டு அதை மங்கவைப்பவை. பார் சோப்புத் தேய்த்த காலரை உப்புத் தண்ணீரில் அலசும்போதும் இதேதான் நடக்கிறது.

இப்போது ஒரு சிறு கணக்கு. லிட்டருக்கு 300 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள தண்ணீரை ஃப்ரண்ட் லோட் இயந்திரம் துவைக்கும் கட்டத்தில் 20 லிட்டர் எடுத்தால், தூள் சமாளிக்க வேண்டிய கடினம் 6 கிராம். அதே துணிக்கு டாப் லோட் 50 லிட்டர் எடுத்தால் 15 கிராம். தண்ணீர் தாராளமாக இருப்பதாலேயே தூளுக்கு எதிரியும் பெருகுகிறது. உப்புத் தண்ணீர் வீட்டில் ஃப்ரண்ட் லோடுக்கு நான் முன்னுரிமை கொடுப்பதற்கு இதுவே முதல் காரணம். மின்சாரமும் தண்ணீர்ச் சிக்கனமும் பிறகுதான்.

தீர்வுகளில் உறுதியானது, அயனிப் பரிமாற்ற முறையில் வேலை செய்யும் மென்னீராக்கி. அதிலுள்ள பிசின் மணிகள் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு சோடியத்தை விடுகின்றன. அவ்வப்போது உப்புக் கரைசல் விட்டு மணிகளைப் புதுப்பிக்க வேண்டும். டி.டி.எஸ். எண் இதனால் குறையாது, அதைப் பார்த்துவிட்டு ஏமாற்றிவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம். குழாயில் மாட்டும் சிறிய உருளைகளில் பெரும்பாலானவை பாலிபாஸ்பேட் உருண்டைகள் கொண்டவை. அவை படிவு உறைவதைத் தாமதப்படுத்தி ஹீட்டரைக் காக்க உதவுகின்றன, தண்ணீரை மென்மையாக்குவதில்லை. இரண்டும் இயலாதவர்கள், மெட்ரோ தண்ணீரோ மழைநீரோ கிடைக்கும் நாளில் வெள்ளைத் துணிகளையும் துண்டுகளையும் ஒதுக்கி வைத்துத் துவைத்தாலே நல்ல வேறுபாடு தெரியும்.

இரண்டாம் படி: பிரிப்பதும் பையைத் துழாவுவதும்

வெள்ளை, வெளிர் நிறம், அடர் நிறம் என்று பிரிப்பதை எல்லோரும் அறிவர். இழைகள் உதிர்க்கும் துணியையும் அவற்றை ஈர்க்கும் துணியையும் பிரிக்க வேண்டும் என்பது அவ்வளவாகத் தெரிவதில்லை. துண்டு உதிர்க்கும், கறுப்பு லெக்கிங்ஸும் செயற்கை இழைச் சுடிதாரும் ஈர்க்கும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் கறுப்புத் துணி பஞ்சு மெத்தைக்குள் புரண்டதுபோல் வரும். சட்டைப்பையில் மறந்துபோன பேருந்துச் சீட்டும் காகிதக் கைக்குட்டையும் இதையே பன்மடங்காகச் செய்யும்.

சாயம் போகும் துணிகளைத் தனியே முதல் சில முறை கையால் அலசுவதுதான் பாதுகாப்பு. கல் உப்பில் ஊறவைத்தால் சாயம் பிடித்துக்கொள்ளும் என்பார்கள். உப்புக் கரைசலில் இருக்கும் வரை சாயம் கசிவது சற்றுக் குறையும், அவ்வளவே. அடுத்த முறை வெறும் தண்ணீரில் அது மறுபடி கசியும். சுங்குடிச் சேலைகளில் உபரிச் சாயம் வெளியேறித் தீரும்வரை தனியே அலசுவதைத் தவிர வேறு வழியில்லை. (சாயம் கசியும் மெட்ராஸ் கட்டத்துணியை அறுபதுகளில் அமெரிக்காவில் அந்தக் கசிவையே பெருமையாகச் சொல்லி விற்றார்கள்; நம் வீட்டு வெள்ளை வேட்டிக்கு அந்தப் பெருமை தேவையில்லை.) பட்டும் கம்பளியும் புரத இழைகள். சலவைத்தூளின் காரமும் புரதம் அறுக்கும் நொதியும் அவற்றையே அரிக்கும் என்பதால், சாதாரணத் தூளோடு அவற்றை இயந்திரத்தில் போடவே கூடாது. ஜரிகைப் பட்டுப்புடவைக்கு இயந்திரத்தின் பக்கமே இடமில்லை.

மூன்றாம் படி: கறைக்கு முன்கவனிப்பு

இயந்திரம் துணி முழுவதற்கும் ஒரே அளவு கவனம் கொடுக்கும். கறைக்கு மட்டும் கூடுதலாக எதுவும் செய்யாது. அந்தக் கூடுதலை நாம்தான் முன்னதாகச் செய்ய வேண்டும்.

பந்தியில் வெள்ளை வேட்டியில் சாம்பார் சிந்தியதை எடுத்துக்கொள்வோம். அதில் எண்ணெய், மாவுச்சத்து, மஞ்சள் என்று மூன்று கறைகள் ஒன்றாக இருக்கின்றன. கெட்டியானதைக் கரண்டி முனையால் வழித்துவிட்டு, துணியின் பின்புறத்திலிருந்து குழாய்த் தண்ணீரை விடுங்கள். பிறகு திரவ டிடர்ஜென்ட் சில சொட்டு விட்டு விரலால் நீவுங்கள். அந்த நொடியில் மஞ்சள் இரத்தச் சிவப்பாக மாறும். பலர் இங்கேதான் பதறி பிளீச்சைத் தேடுகிறார்கள். மஞ்சளில் உள்ள குர்குமின் காரம் பட்டால் சிவப்பதும், காரம் நீங்கினால் மீண்டும் மஞ்சளாவதும் அதன் இயல்பு. வழக்கம்போல் துவைத்து நன்றாக அலசி உச்சி வெயிலில் காயப்போட்டால், எண்ணெய் ஏற்கெனவே போயிருக்கும் நிலையில், ஒளியில் சிதையும் தன்மையுள்ள குர்குமின் ஒன்றிரண்டு வெயிலில் மங்கி மறைந்துவிடும். நிழலில் உலர்த்தினால் அதே கறை வாரக்கணக்கில் நிற்கும்.

இரத்தம், பால், முட்டை ஆகியவற்றுக்குச் சுடுநீர் ஆகாது. புரதம் வெந்து இழையில் இறுகிவிடும். குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்த பிறகே இயந்திரத்தில் போட வேண்டும். துருப்பிடித்ததுபோன்ற பழுப்புப் புள்ளிகள் ஆழ்துளைத் தண்ணீரின் இரும்புச்சத்தால் வருபவை; குளோரின் பிளீச் போட்டால் அவை இன்னும் அழுத்தமாகும், சிட்ரிக் அமிலக் கரைசலில்தான் இளகும். காய்ந்த வாழைக்கறை பெரும்பாலும் போவதே இல்லை. அந்தச் சட்டையைத் தோட்ட வேலைக்கு ஒதுக்கிவிடுவது நேரத்துக்கு நல்லது.

நான்காம் படி: எவ்வளவு நிரப்புவது

ஏழு கிலோ என்று எழுதியிருப்பது உலர்ந்த பருத்தித் துணியின் எடை, அதுவும் முழு நீளப் பருத்தி நிரலுக்கு மட்டும். விரைவு நிரலுக்கும் செயற்கை இழை நிரலுக்கும் அது பாதிக்கும் கீழே இறங்கிவிடும். கையேட்டில் நிரல்வாரியாக எழுதியிருப்பதை ஒருமுறையாவது பார்த்துவிடுவது நல்லது. எடைபோடாமல் பார்க்க, ஃப்ரண்ட் லோடில் துணிக்கும் டிரம்மின் மேற்பகுதிக்கும் நடுவே விரித்த கை தாராளமாக நுழைய வேண்டும். அமுக்கி நிரப்பினால் துணி விழுவதற்கு இடமில்லை. ஒரே துணியை மட்டும் போட்டாலோ பிழியும்போது சமநிலை கிடைக்காமல் இயந்திரம் திரும்பத் திரும்ப முயன்று நின்றுவிடும். ஜமக்காளத்தைத் தனியாகப் போட்டவர்களுக்கு இது தெரிந்திருக்கும். போர்வை உறையும் படுக்கை விரிப்பும் சிறு துணிகளை விழுங்கி உருண்டையாவது இன்னொரு தொல்லை. உறையின் பொத்தான்களைப் போட்டுவிட்டு, விரிப்போடு இன்னொரு விரிப்பை மட்டும் சேர்த்தால் இது பெருமளவு குறையும்.

ஐந்தாம் படி: சலவைத்தூள் — அதிகம்தான் பெரும்பாலும் பிழை

தூள் கூடினால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்பவர்களுக்கு விடை நீளமானது. நுரை கூடி, விழும் துணிக்குப் பஞ்சணைபோல் அடியைத் தாங்கிவிடுகிறது, அசைவு குறைகிறது. அலசலில் முழுதும் வெளியேறாத மிச்சம் துணியில் தங்கி, வியர்வையையும் தூசியையும் ஈர்த்து, அடுத்த வாரம் காலர் இன்னும் சீக்கிரம் கறுக்கிறது. டிரம்முக்கும் வெளித்தொட்டிக்கும் நடுவே வழுவழுப்பான படலம் படிந்து நாறத் தொடங்குகிறது. சில வேளைகளில் நுரை வெளியேற்றும் பம்பை நிரப்பிவிட, இயந்திரம் பிழியாமல் நின்றுவிடுகிறது.

உங்கள் துணியில் மிச்சம் தங்கியிருக்கிறதா என்று அறிய, துவைத்துக் காய்ந்த நான்கைந்து துண்டுகளை, தூள் எதுவும் போடாமல், 40 டிகிரியில் ஃப்ரண்ட் லோட் இயந்திரத்தில் ஓட்டி, பத்து நிமிடம் கழித்துக் கண்ணாடியைப் பாருங்கள். தண்ணீர் கலங்கி, கண்ணாடியின் ஓரத்தில் வெண்நுரை ஏறியிருந்தால், அது முந்தைய சலவைகளின் பாக்கி. இந்தச் சோதனையில் நுரையைக் கண்ட பிறகு தூளின் அளவைக் குறைக்க யாருக்கும் அறிவுரை தேவைப்படுவதில்லை.

இங்கே ஒரு முரண் இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கடின நீருக்குத் தூள் சற்றுக் கூடுதலாக வேண்டும் என்று பொதியிலேயே எழுதியிருக்கும், அது பொய்யல்ல. தூளின் ஒரு பகுதி கால்சியத்தைக் கட்டிப்போடுவதிலேயே செலவாகிறது. ஆனால் அந்தக் கூடுதல், துணியின் அழுக்கைப் பார்த்து அல்ல, தண்ணீரைப் பார்த்துத் தீர்மானிக்கப்பட வேண்டியது. அதற்கு எல்லை பொதியில் கடின நீருக்கென்று குறிப்பிட்ட அளவு. அதைத் தாண்டித் தூளைக் கூட்டிக்கொண்டே போவதற்குப் பதில் துணியைக் குறைத்து, அலசலைக் கூட்டுவதே சரி. அந்த அளவும் இயந்திரம் நிறையத் துணி போட்டதற்கானது. பாதித் துணிக்கு அதே மூடி அளவை ஊற்றுவதுதான் பல வீடுகளில் நடப்பது.

தூளா திரவமா என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை. கால்சியத்தைக் கட்டும் சோடாவும் சியோலைட்டும் தூளில்தான் தாராளமாக இருக்கும். ஆகவே கடின நீரில் வெள்ளைத் துணிக்குத் தூள் மேல். அடர் நிறத் துணிக்கும் விரைவு நிரலுக்கும் திரவம் மேல், ஏனெனில் குளிர்ந்த தண்ணீரில் கரையாத தூள் கறுப்புத் துணியின் மடிப்புகளில் வெள்ளைக் கோடாக நிற்கும். டாப் லோடில் தூளைத் துணியின் தலையில் கொட்டாமல், முதலில் தூள், அதன் மேல் தண்ணீர், பிறகு துணி என்ற வரிசையில் போட்டாலே பாதித் திட்டுகள் மறைந்துவிடும். ஃப்ரண்ட் லோடில் டாப் லோடுக்கான தூளைப் போடக்கூடாது. அதன் நுரை அங்கே அடங்காது.

ஆறாம் படி: சூடும் நேரமும்

சலவை குறித்த வெப்பநிலை அறிவுரைகள் பல, குழாய்த் தண்ணீர் 10, 15 டிகிரியில் வரும் குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. சென்னையிலோ மதுரையிலோ ஆண்டின் பெரும்பகுதியில் குழாய்த் தண்ணீரே 28, 30 டிகிரியில் இருக்கிறது. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரியில் உருகிவிடும் என்பதால், தலையணை உறையின் எண்ணெய்ப் பிசுக்கு நம் "குளிர்ந்த" தண்ணீரிலேயே இளகத் தொடங்கிவிடுகிறது. ஊட்டியில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. அன்றாடத் துணிக்கு 30 அல்லது 40 டிகிரி போதும். துண்டு, உள்ளாடை, படுக்கை விரிப்பு, குழந்தைத் துணி ஆகியவற்றை அவ்வப்போது 60 டிகிரியில் துவைத்தால் பாக்டீரியாவும் பிசுக்கும் ஒழியும். 15 லிட்டர் தண்ணீரை 28-லிருந்து 40-க்கு உயர்த்த ஏறத்தாழ 0.2 யூனிட் மின்சாரமும், 60-க்கு உயர்த்த 0.55 யூனிட்டும் செலவாகும். வாரம் ஒருமுறை 60 டிகிரியில் ஓட்டுவதற்குத் தயங்க வேண்டியதில்லை.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும் சிக்கன நிரலைக் கண்டு மின்சாரம் கூடுமே என்று பலர் அஞ்சுகிறார்கள். செலவின் பெரும்பகுதி ஹீட்டரில்தான். டிரம் மெல்ல உருளுவதற்கு ஆகும் மின்சாரம் சொற்பம். அந்த நிரல் வெப்பத்தைக் குறைத்ததை நேரத்தால் ஈடுகட்டுகிறது. ஒரு நாள் உடுத்திய அலுவலகச் சட்டைக்குப் பதினைந்து நிமிட நிரல் சரி. பள்ளிச் சீருடையின் முழங்கால் மண்ணுக்கு அது வெறும் நனைத்தல்தான்.

ஏழாம் படி: அலசலும் பிழிதலும்

கடின நீர் வீடுகளில் துணி கெடுவது துவைக்கும்போது அல்ல, பெரும்பாலும் அலசும்போதுதான். துவைக்கும் கட்டத்தில் தூள் கால்சியத்தைக் கட்டிவைத்திருக்கிறது. அலசலில் அந்தக் கட்டு இல்லாத புதிய கடின நீர் உள்ளே வந்து, துணியில் மிஞ்சிய சோப்போடும் காரத்தோடும் சேர்ந்து இழையிலேயே படிகிறது. எனவே கூடுதல் அலசல் பொத்தானைத் துண்டுகளுக்கும் வெள்ளைக்கும் நிரந்தரமாகவே வைத்துக்கொள்ளலாம். செமி ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்கள் ஒரே சோப்புத் தண்ணீரில் மூன்று ஈடு துணி போட்டு, ஒரே தண்ணீரில் அலசியும் முடிப்பதுண்டு. முதலாவதைப் பொறுத்துக்கொள்ளலாம், வெள்ளையில் தொடங்கி அடர் நிறத்தில் முடிக்கும் வரை. இரண்டாவதை வேண்டாமென்றுதான் சொல்வேன். ஒவ்வொரு அலசலுக்கும் முன்பு ஒருமுறை பிழிந்துவிட்டால், சோப்புத் தண்ணீர் துணியோடு அடுத்த தொட்டிக்குப் போகாது.

பிழிதலின் வேகத்துக்கும் துண்டின் மென்மைக்கும் தொடர்பு உண்டு என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். 48 செ.மீ. விட்டமுள்ள டிரம் நிமிடத்துக்கு 1200 முறை சுழலும்போது, துணியின் மேல் புவியீர்ப்பைப்போல் ஏறத்தாழ 385 மடங்கு விசை செயல்படுகிறது. 700 சுற்றில் அது 130 மடங்குதான். குறைந்த வேகத்தில் பிழிந்த துண்டில் தங்கும் கூடுதல் தண்ணீர் வெயிலில் ஆவியாகிவிடும், அதில் கரைந்திருந்த கால்சியம் ஆவியாகாது. அரை லிட்டர் தண்ணீரோடு கொடியேறும் துண்டு, நம் 300 மில்லிகிராம் கணக்கில், ஒவ்வொரு முறையும் 150 மில்லிகிராம் சுண்ணத்தை இழைகளில் வாங்கிக்கொண்டு இறங்குகிறது. துண்டுக்கும் ஜீன்ஸுக்கும் வேகத்தைக் கூட்டுங்கள். சுருக்கம் விழும் சட்டைகளுக்குக் குறையுங்கள்.

ஏற்கெனவே கட்டை தட்டிய துண்டுகளை, 10 லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி சிட்ரிக் அமிலம் கரைத்து ஒரு மணி நேரம் ஊறவைத்து, அலசிவிட்டுப் பிறகு துவைத்தால் படிவு கரைந்து மென்மை ஓரளவு திரும்பும். குளோரின் பிளீச் பட்ட துணியிலோ வாளியிலோ இந்த அமிலத்தைச் சேர்க்கவே கூடாது, நச்சுவாயு கிளம்பும். துணியை மென்மையாக்கும் மணத் திரவம் இதற்கு மருந்தல்ல. அது இழையின் மேல் ஒரு வழவழப்பான படலத்தைப் பூசுகிறது. கைக்கு மெத்தென்று இருக்கும் துண்டு உடம்பு ஈரத்தை உறிஞ்ச மறுக்கும்.

எட்டாம் படி: உலர்த்துதல்

ஐப்பசி கார்த்திகை அடைமழையில் துவைத்த துணியிலேயே ஒரு புளித்த வாடை வரும். 2012-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதற்கு மொராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியா காரணம் என்று கண்டார்கள். ஈரம் நெடுநேரம் நிற்கும் துணியில் அது பெருகி நாற்றமுள்ள அமிலமொன்றை உண்டாக்குகிறது. துணி காய எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் குறைப்பதே மருந்து: கூடுதல் பிழிதல், கொடியில் துணிகளுக்கு நடுவே இடைவெளி, ஜன்னல் மூடிய அறையானாலும் ஓடும் மின்விசிறி. இயந்திரம் நின்ற பிறகு துணியை இரவு முழுதும் உள்ளேயே விட்டுவைப்பது வாடையை நாமே அழைப்பது. ஒருமுறை வாடை பிடித்த துணிக்கு மணத் திரவம் ஊற்றாமல் 60 டிகிரி நிரலை ஓட்டுங்கள்.

ஒன்பதாம் படி: இயந்திரத்துக்கும் ஒரு குளியல்

ஃப்ரண்ட் லோடின் கதவு ரப்பர் வளையத்தை விரலால் விரித்துப் பார்த்தால் முடி, ஊக்கு, சில்லறை, கறுத்த பிசுக்கு எல்லாம் தெரியும்; சலவை முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்து, கதவைச் சற்றுத் திறந்தே வைக்க வேண்டும். முன்புறம் கீழே உள்ள வடிகட்டியை மாதம் ஒருமுறை கழற்றிக் கழுவுங்கள். அடியில் ஒரு தட்டு வைக்காவிட்டால் தரையெல்லாம் தண்ணீராகும். தூள் பெட்டியை முழுவதும் வெளியே இழுத்துப் பழைய பல்துலக்கியால் தேய்க்க வேண்டும். ஹீட்டர் உள்ள இயந்திரத்தில் சுண்ணப் படிவைக் கரைக்க, மூன்று மாதத்துக்கு ஒருமுறை, துணி இல்லாமல், 100 கிராம் சிட்ரிக் அமிலத்தை டிரம்மில் போட்டு 60 டிகிரி நிரலை ஓட்டலாம். கையேட்டில் வேறு பொருளைச் சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

நடுவில் நின்றுபோனால்

மெக்கானிக்கை அழைப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை சில. தண்ணீர் நிரம்புவதற்கே நெடுநேரம் ஆகிப் பிழைக்குறி காட்டினால், முதலில் குழாய் இணைப்பில் உள்ள சிறு வலையைக் கழற்றி மணலையும் துருவையும் கழுவுங்கள். அதுவும் சுத்தமாக இருந்தால் அழுத்தம் போதவில்லை. பல இயந்திரங்களுக்குக் குறைந்தது 0.3 பார் அழுத்தம் வேண்டும்; அதற்கு மேல்நிலைத் தொட்டியின் தண்ணீர் மட்டம் இயந்திரக் குழாயிலிருந்து 3 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். மொட்டை மாடித் தொட்டிக்கு நேர் கீழே உள்ள கடைசித் தளத்து வீடுகளில் இது கிடைப்பதில்லை. தொட்டியைக் கட்டையின் மேல் உயர்த்துவது அல்லது சிறு அழுத்த மோட்டார் வைப்பது தவிர இதற்குக் குறுக்குவழி இல்லை. இதற்கு நேர்மாறாகத் தண்ணீர் நிரம்பிக்கொண்டே இருந்து நிரல் நகரவில்லையென்றால், கழிவுநீர்க் குழாயின் முனை தரையில் கிடக்கிறதா என்று பாருங்கள். கையேடு சொல்லும் உயரத்தில் அதை மாட்டாவிட்டால், உள்ளே வரும் தண்ணீர் வந்த வேகத்திலேயே வடிந்துபோகும்.

புதிய ஃப்ரண்ட் லோட் பிழியும்போது அறையையே அதிரவைத்து நகர்ந்தால், பின்புறத்தில் போக்குவரத்துக்காக மாட்டிய போல்ட்டுகள் கழற்றப்பட்டனவா என்று பார்க்க வேண்டும். பொருத்த வந்தவர் அவசரத்தில் மறந்துவிடுவதுண்டு. பல ஆண்டுகள் ஓடிய இயந்திரம் பிழியும்போது மட்டும் விமானம் கிளம்புவதுபோல் இரைந்தால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு வெறும் டிரம்மைக் கையால் சுற்றிப் பாருங்கள். மணல் அரைபடும் ஓசையோடு கரகரவென்று சுற்றினால் பேரிங் போய்விட்டது. டிரம்மின் விளிம்பை மேலும் கீழும் அசைக்கும்போது ஆட்டம் தெரிந்தால் ஐயமே இல்லை. அந்த நிலையில் ஓட்டிக்கொண்டே இருந்தால் தண்ணீர் அச்சு வழியாகக் கசிந்து தொட்டியையும் சேர்த்து மாற்ற நேரிடும் என்பதால், மெக்கானிக் வந்து பார்க்கும் வரை இயந்திரத்தை நிறுத்திவைத்துக் கையால் துவைத்துக்கொள்ளுங்கள்.